ஐந்து நிறம் பார்த்த கட்டைவிரல்

“உங்கம்மா வேலை செய்யும்போது வாயில எதையாவது வெச்சுப்பாங்களா?”

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு பெண் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அம்மா கட்டிலில் முழங்கால்களை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பேசும் நிலையில் இல்லை. அதனால்தான் டாக்டர் என்னைக் கேட்டார்.

“புகையிலை, ஆணி, எதுவா இருந்தாலும் சொல்லும்மா. தையல்காரங்க ஊசியை உதட்டுல கவ்விக்குவாங்க இல்ல, அந்த மாதிரி.”

யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். “அப்படி எதுவும் இல்ல டாக்டர்” என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அந்தப் பதில் தப்பு. தப்பென்று தெரிய எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

அம்மா கார் பட்டறையில் தேய்க்கிற வேலை செய்தாள். கார் கழுவுகிற வேலை இல்லை. புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். நெளிந்த இடத்தில் பட்டி பூசி, அதையும் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பெயர் எல்லாம் பெயிண்ட் அடிக்கிறவருக்குத்தான். ஆனால் தேய்த்தது சரியில்லை என்றால், எவ்வளவு கெட்டிக்கார பெயிண்டர் அடித்தாலும் வெயிலில் நிறுத்தியதும் மேடு பள்ளம் பல்லை இளித்துவிடும்.

அப்பா இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அடுத்த மாதமே அம்மா பட்டறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு ‘உப்புத்தாள்’ என்றுதான் பெயர். கைக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை, வாய்க்காகவும்தான்.

“அக்கா, கொஞ்சம் சீக்கிரம் தேயுங்க. நான் ரெடியா நிக்கறேன்” என்று பெயிண்டர் அவசரப்படுத்தினால், “நீ எப்பவும் ரெடிதான். சாப்பாட்டு நேரத்துக்கும் நீதானே மொதல்ல ரெடியாவே” என்பாள். முதலாளியையும் விடமாட்டாள். அவள் விரல்களில் ரேகையே இல்லை. அடையாள அட்டைக்காக விரல் பதிக்கப் போனபோது மெஷின் அவளை மனுஷியாகவே ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து என் காதில் சொன்னாள்: “நல்லதாப் போச்சு. இனிமே எங்க முதலாளி கழுத்தை நெரிச்சாக்கூட என்னைக் கண்டுபிடிக்க முடியாது.”

அவளிடம் ஒரு தனித்திறமை இருந்தது. ஒரு பழைய கார் வந்தால், கதவின் ஓரத்தில் ஒரு நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்ப்பாள். கரடான தாளில் ஆரம்பித்து, நைசான தாளுக்கு வந்து, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்ப்பாள். முடித்ததும் அந்த வட்டத்துக்குள் வளையம் வளையமாக நிறங்கள் தெரியும். எந்தக் காலத்தில் என்ன நிறம் அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் படிக்கலாம். பட்டறையில் அதற்குக் ‘கண்’ என்று பேர். அம்மா திறக்கிற கண் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

தேய்த்த இடத்தில் நிறம் வெளிறித்தான் தெரியும். மேலே ஈரம் பட்டால்தான் உண்மையான நிறம் எழுந்து வரும். அதற்கு அவளுக்கு ஒரு வழி இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வட்டத்தின்மேல் ஒரு இழுப்பு. நிறம் பளிச்சென்று வரும். குனிந்து பார்ப்பாள். காய்ந்ததும் மறுபடி நாக்கு, மறுபடி வட்டம். தண்ணீர் உடனே உருண்டு ஓடிவிடும், எச்சில்தான் ஒரு நிமிடம் நிற்கும் என்பாள். பட்டறையில் தேய்க்கிற மற்ற இரண்டு பெண்களும் அவளைப் பார்த்து அப்படியேதான் செய்தார்கள்.

இதை எழுதும்போது எல்லாம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஏன் தோன்றவில்லை? காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டைவிரல் வாயில் வைக்கிற பொருள் இல்லை. அது அவள் கை. உங்கள் அம்மா என்னென்ன செய்வாள் என்று யாராவது கேட்டால், கண் சிமிட்டுவாள் என்பதையா சொல்வீர்கள்?

அந்தக் கார் வந்தது போன வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் செய்த பழைய கார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முகப்பில் பெயர் பதித்திருந்த எழுத்துகள் போய், துளைகள் மட்டும் இருந்தன. சக்கரத்துக்கு மேலே கன்னம் மாதிரி உப்பிய மட்கார்டு, நான்கு பேர் கால் நீட்டி உட்காரும் பின்சீட். பட்டறையின் பாதியை அது அடைத்துக்கொண்டது. எல்லோரும் அதைக் ‘கப்பல்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கப்பலை வாங்கியிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பத்தைந்து வயது, மெதுவாகப் பேசுவார். பின்கதவின் பிடி உடைந்து, அந்த இடத்தில் யாரோ ஒரு ஜன்னல் கொக்கியைப் பொருத்தியிருந்தார்கள். பித்தளைக் கொக்கி. அதைத் தொட்டுக் காட்டித்தான் அவர் தன் கதையைச் சொன்னாராம்.

“எனக்கு ஒன்பது வயசு. எங்கப்பாவை அடக்கம் பண்ணப் போனப்போ இந்தக் கார்லதான் போனோம். வழி பூரா இந்தக் கொக்கியைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். அப்போ இது சவ ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடற கார். முழுக்கக் கறுப்பு. பழைய சாமான் கடையில இந்தக் கொக்கியைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப கறுப்பாவே அடிச்சுடலாமா சார்?” என்று முதலாளி கேட்டார்.

“வேண்டாம். அதுக்கு முன்னாடி இது என்னவா இருந்துச்சுனு எனக்குத் தெரியணும். முதமுதல்ல என்ன நிறமோ அதுக்குத் திரும்பணும். மருந்து ஊத்தி ஒரேடியா உரிச்சிடாதீங்க. ஒவ்வொரு நிறமா எடுங்க. நான் போட்டோ எடுத்து வெச்சுக்கறேன்.”

முதலாளி அம்மாவைப் பார்த்தார். அம்மா கப்பலைப் பார்த்தாள். “ஏன் சார், உங்க ஆஸ்பத்திரியில பல்லையும் இப்படித்தான் ஒவ்வொரு தோலா உரிப்பீங்களா?” என்று கேட்டாளாம். பல் டாக்டர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஏழு மாதம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அம்மா கப்பலோடுதான் இருந்தாள். தகடு வெளியே தெரிந்தால் தண்ணீர் பட்டு மறுநாளே துரு பூத்துவிடும் என்பதால், தண்ணீர் தொடாமல் உலர்வாகத் தேய்க்கச் சொன்னார் முதலாளி. தூள் புகையாக எழும். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவார்கள். வீட்டுக்கு வரும்போது அம்மாவின் புருவம் ஒரு நாள் வெள்ளையாக இருக்கும், ஒரு நாள் கறுப்பாக.

மாலையில் வேலைச்சட்டையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் உட்கார்ந்து, அன்றைக்குக் கண்டதைச் சொல்வாள். நான் அப்போது பள்ளி முடித்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை மாதம், ஒரு மருந்துக்கடையில் மூன்று வாரம் என்று தாவிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. அவளிடம்தான் நிறைய இருந்தது.

மேலே வெள்ளை, கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓடியபோது அடித்தது. அதற்குக் கீழே பல் டாக்டரின் கறுப்பு. “ரெண்டு கை அடிச்சிருக்கான்டி. அவசரமா அடிச்சிருக்கான். எவனோ செத்துக் காத்திருந்திருப்பான்போல.” கறுப்புக்குக் கீழே மஞ்சள். வாடகை டாக்ஸி. கதவில் எண் எழுதியதன் தடம்கூடத் தெரிந்தது. மஞ்சளுக்குக் கீழே சாம்பல். ஏதோ அலுவலகத்து வண்டியாக இருந்திருக்கும். பின்பக்க வலது மட்கார்டில் சாம்பலுக்குக் கீழே விரல் கனத்துக்குக் காரீயம் உருக்கி ஊற்றி அடைத்திருந்தார்கள். “பெரிய அடி” என்றாள் அம்மா. “எதுல மோதினானோ, யார் மேல மோதினானோ. மூடி மெழுகிட்டாங்க.” பட்டி என்பது அப்போது கிடையாது, காரீயம்தான் என்று பட்டறை வெல்டர் சொல்லியிருந்தார். அதையும் அவள்தான் அரம் போட்டுத் தேய்த்து எடுத்தாள்.

ஒரு நாள் சொன்னாள்: “இந்தக் காரு இனிக்குதுடி.”

“என்னம்மா சொல்றே?”

“நெசமாத்தான். மத்த காரெல்லாம் கசக்கும். இது லேசா இனிக்குது. அமெரிக்காக்காரன் சக்கரை போட்டுப் பெயிண்ட் அடிச்சிருக்கான்.”

நான் சிரித்தேன். இருவரும் சிரித்தோம்.

மூன்றாவது மாதத்தில் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. எதைத் தின்றாலும் சாவியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு வயிற்றுவலி. முகம் வெளுத்தது. எதையாவது தேடிக்கொண்டே இருந்தாள். என்ன தேடுகிறோம் என்பதையே மறந்துவிடுவாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். உப்புத்தாள் பேச்சு எப்போதுமே உரசும், ஆனால் அதில் சிரிப்பு இருக்கும். இப்போது சிரிப்பு போய்விட்டது. பெயிண்டர் முகத்தில் டீ கிளாஸை வீசினாள் என்று முதலாளி எனக்குப் போன் செய்தார். “உங்கம்மா குடிக்கறாங்களாம்மா? தப்பா எடுத்துக்காதே, நடையே சரியில்ல.”

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் பல் டாக்டர் போட்டோ எடுக்க வந்தார். அம்மா எதற்கோ வாயைத் திறந்தபோது உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மா, உங்க ஈறு ஓரமா நீலமா ஒரு கோடு இருக்கு. அழுக்கு சேந்திருக்கு. பல்லை நல்லா அழுத்தித் தேய்ங்க” என்றார். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அன்றிரவிலிருந்து உப்பு வைத்து ரத்தம் வரும்வரை தேய்த்தாள். கோடு போகவில்லை. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். சிரித்ததே குறைவு.

ஆறாவது மாதக் கடைசியில் வலி தாங்காமல் தரையில் உருண்டபோதுதான், அவளை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நான் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன். டாக்டர் வயிற்றுப்புண் என்று மருந்தும், ரத்தம் குறைவு என்று மாத்திரையும் கொடுத்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் அம்மா வேலைச்சட்டையை மாட்டிக்கொண்டாள்.

“இன்னும் ஒரு தோல்தான்டி பாக்கி. சாம்பலுக்குக் கீழ இருக்கறதுதான் முத நிறம். இப்ப விட்டா அந்த ரெண்டு பேரும் கொதறி வெச்சிடுவாங்க.”

“படுத்திரும்மா.”

“படுத்தா மட்டும் வலி படுத்துக்குமா?”

போனாள். நான் தடுக்கவில்லை. டாக்டரிடம் அன்றைக்குச் சரியான பதிலைச் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம் வெல்டர் போன் செய்தார். “பாப்பா, கொஞ்சம் வந்து பாரு. அம்மா கை என்னமோ மாதிரி இருக்கு. சொன்னா நகரமாட்டேங்கறாங்க.”

நான் போனபோது அம்மா கப்பலின் முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசிக் கண்ணைத் திறந்திருந்தாள். அவளுடைய வலது கை மணிக்கட்டிலிருந்து கீழே தொங்கியது, பிழியாத துணி தொங்குகிற மாதிரி. அவள் தூக்கப் பார்த்தாள். தூக்கவில்லை. பிறகு, யாருடைய கையையோ எடுப்பதுபோல, இடது கையால் அந்த வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். கட்டைவிரலை நாக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே கதவுக்குக் கொண்டுவந்து வட்டத்தின்மேல் வைத்து இழுத்தாள்.

பச்சை. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு பச்சை, ஆழமான தண்ணீர் மாதிரி.

“பாத்தியா” என்றாள் என்னிடம்.

எனக்கு நிறம் மனதில் ஏறவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் என்ன வைப்பாள் என்று டாக்டர் கேட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே மருத்துவமனை. டாக்டரிடம் சொன்னேன். கட்டைவிரல், தூள், காரீயம், இனிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எழுந்து வந்து அம்மாவின் கீழுதட்டை விலக்கினார். நீலக் கோடு.

அம்மா வாயை இழுத்துக்கொண்டாள். “அது நான் சரியா பல் தேய்க்காத கறைம்மா. பல் டாக்டரே சொன்னாரு.”

டாக்டர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “அது அழுக்கு இல்லம்மா. காரீயம்” என்றார்.

ரத்தம் வெளியூருக்குப் போய், முடிவு வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய காரீய அளவு தொண்ணூற்று நான்கு. காரீயம் அந்த அடைத்த மட்கார்டில் மட்டும் இல்லை, அந்தக் காலத்துப் பெயிண்டிலும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். உலர்ந்த தூளாக மூக்கிலும், விரல் வழியாக வயிற்றிலும் ஏழு மாதம் போயிருக்கிறது. வேலைச்சட்டையை வீட்டுக்கு எடுத்து வருவாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் ரத்தத்தையும் எடுத்தார்கள். பதினெட்டு வந்தது. குறைந்துவிடும் என்றார்கள்.

காரீயத்தை வெளியேற்ற ஊசி போட்டார்கள். ஐந்து நாள் போட்டு, இடைவெளி விட்டு, மறுபடி ஐந்து நாள். வயிற்றுவலி போனது. கோபம் போனது. மணிக்கட்டு எழவில்லை. “பாதி வரும். பொறுமையா இருங்க” என்றார் டாக்டர். பத்து மாதம் ஆகிறது. விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறோம். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறாள். சாம்பலுக்கு மேலே மஞ்சளா, மஞ்சளுக்கு மேலே சாம்பலா என்று ஒரு நாள் என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள்.

பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கோட்டைப் பத்திப் படிச்சிருக்கேம்மா. புத்தகத்துல ஒரு பாரா. நேர்ல ஒருத்தர்கிட்டயும் பாத்ததில்ல. பாத்தும் எனக்குத் தெரியல.”

அவரைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். முடியவில்லை. எனக்கும் தெரியவில்லையே.

அம்மாதான் பேசினாள். “விடுங்க சார். நீங்க முத நிறத்தைக் கேட்டீங்க. நான் தின்னு பாத்து சொல்லிட்டேன்.”

நான் பட்டறைக்குப் போய் மற்ற இரண்டு பெண்களிடமும் சொன்னேன். விரலை வாயில் வைக்காதீர்கள் என்றேன். ஒருத்தி பயந்துபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி, “உங்கம்மாதானேடி எங்களுக்கே சொல்லிக் கொடுத்தாங்க. இத்தனை வருசமா எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்றாள். சொல்லிக்கொண்டே வேறொரு காரின் கதவில் விரலை இழுத்தாள். முதலாளி முகமூடி ஒரு டஜன் வாங்கி மாட்டியிருந்தார். அவை ஆணியிலேயே தொங்கின.

போன மாதம் கப்பல் தயாராகிவிட்டது. பல் டாக்டர் அதை எங்கள் தெருவுக்கே ஓட்டி வந்தார். தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. குரோமியம் எல்லாம் மின்னியது. முழுக்க அந்தப் பச்சை. பித்தளைக் கொக்கியை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பல் டாக்டர் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா படி இறங்கிக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முன்கதவிடம் வந்து குனிந்தாள். அவள் கண்ணைத் திறந்த இடம் அது. இப்போது மூடி, மழமழவென்று இருந்தது. பட்டை கட்டிய வலது கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடது கட்டைவிரல், தானாக, நாக்குக்குப் போனது.

நான் அந்தக் கையை அடித்தேன். ஓங்கி அடித்துவிட்டேன். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். புதுப் பெயிண்டில் காரீயம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அடித்தேன்.

அம்மா கையைத் தடவிக்கொண்டாள். கோபப்படவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பச்சை கொஞ்சம் தூக்கல் சார்” என்றாள். “நான் பாத்த பச்சை இது இல்ல.”

“இருக்கட்டும்மா” என்றார் பல் டாக்டர்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் பழைய கார், பழைய ஜன்னல், பழைய கட்டில் என்று எதையாவது யாராவது தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள். அவர்களுக்கு நேரம் இருக்காது. நீங்கள் போய் என் அம்மாவின் கதையைச் சொல்லுங்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், வேலைச்சட்டையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கட்டைவிரலைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்கள் சொல்லலாம். அப்போதும் அடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள்.